சும்மா கிடைக்கிற 1968 ஆல்பெர்க் 30, எடுத்துத் திருத்துறது சரிவருமோ?

ப்ளஃப்ஸ்_காற்று (ஸ்காபரோ)

வணக்கம் உறவுகளே, ஒரு விசயத்திலை உங்கடை யோசனை வேணும். ஆல்பெர்க் 30 பாய்ப்படகு ஒண்டு, 1968ஆம் ஆண்டுக் கட்டு, இஞ்ச விட்பியிலை செய்தது, காசு வேண்டாம் சும்மா கொண்டு போங்கோ எண்டு ஒருத்தர் நிக்கிறார். வயசு போன மனுசன், இனி ஏணியிலை ஏறி இறங்க ஏலாது, பிள்ளையளுக்கும் விருப்பமில்லை. போட் ரொறன்ரோவுக்குக் கிழக்காலை ஒரு யார்ட்டிலை இரும்புக் கிரேடிலிலை நிக்குது, மேலை போட்ட தார்பாய் கிழிஞ்சு கனகாலம், கடைசியா எந்த வருசம் தண்ணியிலை இறக்கினது எண்டு அவருக்கே வடிவா ஞாபகம் இல்லை.

நான் ப்ளஃபர்ஸ் பார்க்கிலை புதன்கிழமைப் பின்னேர ரேஸ்களுக்கு ஒரு கூட்டாளியின்ர போட்டிலை போறனான், பாய் ஏத்தி இறக்கத் தெரியும், சுக்கான் பிடிப்பன், ஆனா ஃபைபர் வேலை இஞ்சின் வேலை எண்டு ஒண்டும் கையாலை செய்தது கிடையாது. பன்னிரண்டாயிரம் டொலர் மட்டும் ஒதுக்கலாம், அதுக்கு மேலை வீட்டிலை கேக்கேலாது. ஆசை என்னெண்டா மனிசி பிள்ளையளோடை கிங்ஸ்டன் போய் ஆயிரம் தீவுப் பக்கம் ஒரு கிழமை நிக்கோணும். 30 அடி, உள்ளுக்கை நாலு பேர் படுக்கலாம், நீளக் கீல் (அடியிலை இருக்கிற பாரத் துடுப்பு), வடிவான போட், பாத்த நேரம் தொட்டு மனசு அதிலதான் நிக்குது. எடுக்கட்டோ விடட்டோ?

மீனா_போர்ட்கிரெடிட்

எடுக்கறதுக்கு முன்னாடி சில விஷயம் கேக்கணும். மாஸ்ட் (பாய்மரம்) நிக்குதா, இறக்கி வெச்சிருக்காங்களா? உள்ள தண்ணி நிக்குதா? என்ஜின் ஒரிஜினலா, கையால சுத்தினா சுத்துதா? பாய் எங்க வெச்சிருக்காங்க, வீட்லயா போட்லயா? பாய் வீட்ல காஞ்ச இடத்துல இருந்தா அதுவே நல்ல சேதி, புதுசா மெயினும் (பெரிய பாய்) ஜெனோவாவும் (முன் பாய்) தைக்கக் குடுத்தா இந்த சைஸுக்கு ஐயாயிரம் டாலர் கிட்ட போயிடும்.

நான் மெட்ராஸ்ல இருந்தப்போ ஹார்பர்ல ராயல் மெட்ராஸ் யாட் க்ளப்ல சின்ன டிங்கி ஓட்டித்தான் பழகினேன், இங்க வந்தப்புறம் ஒரு பழைய சி அண்ட் சி பாய்ப்படகு வாங்கி அதையே இன்னும் வெச்சிருக்கேன், அதனால சொல்றேன், பழைய ஃபைபர் போட்ல ஹல் (வெளி உடம்பு) எப்பவுமே கேள்வி இல்ல. அறுபதுகள்ல ஃபைபரை எவ்ளோ கம்மியா போடலாம்னு யாருக்கும் தெரியாது, பயத்துல தாராளமா போட்டாங்க, ஆல்பெர்க் 30 ஹல் முழுக்க கெட்டி ஃபைபர், நடுவுல கோர் (உள்ள வெக்கற பலகை) கிடையாது. ஹல்லைத் தட்டிப் பாத்து "நல்லா இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டு வாங்கறவங்கதான் மாட்டிக்கறாங்க, ஏன்னா செலவு எல்லாம் டெக்லயும் மாஸ்ட் நிக்கற இடத்துலயும் ஒளிஞ்சிருக்கு.

டெக் ரெண்டு மெல்லிசான ஃபைபர் தோல், நடுவுல ஒரு கோர். ஆல்பெர்க்ல 1970 வரைக்கும் வந்ததுல அந்த கோர் மேசனைட் (மரநாரை அழுத்திச் செஞ்ச) பலகை, அப்புறம்தான் பால்சா (லேசான மரம்). மேசனைட்ல தண்ணி பூந்தா ஊறி உப்பிக் கடைசில கூழாயிடும். ஸ்டான்ஷன் (ரெயிலிங் கம்பம்) போல்ட், க்ளீட் (கயிறு கட்டற கொம்பு), ஜன்னல், ஹேட்ச், எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கோ அங்கெல்லாம் தண்ணி பூர வழி. ஒண்டாரியோ குளிர்ல அந்தத் தண்ணி உறைஞ்சு விரிஞ்சு தோலையும் கோரையும் பிரிக்கும், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பிரிக்கும். நல்ல தண்ணி ஏரிங்கறதால ஸ்டீல் சாமான் எல்லாம் கடல்ல இருக்கறதை விட ரொம்ப நாள் தாங்கும், ஆனா டெக்குக்கு இந்த ஊர் குளிர்தான் எமன்.

ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியல் எடுத்துட்டுப் போங்க, அரையடிக்கு ஒரு தட்டு, டெக் முழுக்க. நல்ல இடத்துல டிக் டிக்னு கூர்மையா கேக்கும், கெட்ட இடத்துல சத்தம் செத்துப் போய் டொப்புனு கேக்கும். மாஸ்கிங் டேப் வெச்சு கெட்ட இடத்தையெல்லாம் சுத்தி ஒட்டுங்க, எவ்ளோ பரப்புன்னு கண்ணுக்கே தெரியும். டெக் கால்வாசிக்கு மேல டேப் ஒட்டற மாதிரி வந்தா ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, பேசலாம்.

வல்வைக்காரன் (மொன்றியல்)

தம்பி, எடுங்கோ. வேறை எந்தப் போட் எண்டாலும் யோசியுங்கோ எண்டு சொல்லுவன், ஆனா உது ஆல்பெர்க் 30. இஞ்ச கியூபெக்காரர் ஈவ் ஜெலினா 1981இலை பிரான்ஸ் சாங் மாலோவிலை இருந்து தனியாளா இதே ஆல்பெர்க் 30இலை வெளிக்கிட்டு, தென்சமுத்திரத்தாலை போய், நியூசிலாந்துக்குக் கிழக்காலை சாத்தம் தீவுப் பக்கம் பாய்மரம் முறிஞ்சு, அங்கையே திருத்தி, தென் அமெரிக்கா முனையிலை கேப் ஹோர்னைச் சுத்தி 1983இலை கியூபெக் காஸ்பே வந்து சேர்ந்தவர். அந்த மாதிரி உடம்பு உது. இந்தப் போட் 1962 தொட்டு 1987 வரைக்கும் எழுநூறுக்கு மேலை கட்டினவங்கள், அதிலை கனக்க இண்டைக்கும் ஓடுது.

நான் வல்வெட்டித்துறையான். எங்கடை ஊரிலை கட்டின அன்னபூரணி 1938இலை அமெரிக்காவிலை குளோஸ்ரர் துறைமுகம் மட்டும் பாயிலை போய்ச் சேர்ந்த கப்பல், அது மரக்கப்பல், எட்டு வருசத்துக்கு மேலான கப்பல் அந்த நேரம், திருத்தித் திருத்தித்தான் ஓடினது. பழசு எண்டு ஒரு போட்டைக் கழிக்கக் கூடாது, எது பழுதோ அதைக் கழட்டிப் புதுசு போடோணும். அம்பது வருசம் நிண்ட உடம்பு இன்னும் அம்பது வருசம் நிக்கும்.

மீனா_போர்ட்கிரெடிட்

அண்ணா, ஜெலினா போட் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா அவர் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த போட்டை எவ்ளோ மாத்தினார்னு உங்களுக்கே தெரியும், அவர் கையால எல்லாம் செய்யத் தெரிஞ்ச ஆள், சொந்தமா விண்ட்வேனே (காத்தை வெச்சுத் தானா சுக்கான் பிடிக்கற கருவி) வடிவமைச்சவர். இவர் கேக்கறது பன்னிரண்டாயிரம் டாலர், ரெண்டு சின்னப் பசங்க, ஃபைபர் வேலை தெரியாது. போட் நல்ல போட்டாங்கறது ஒரு கேள்வி, இந்த போட் இவருக்குச் சரியாங்கறது வேற கேள்வி.

இன்னொண்ணு, சும்மா குடுக்கறாங்கன்னா அது விலை இல்லாம வரல. நீங்க பேர் மாத்தி எழுதிக்கிட்ட அன்னிக்கே யார்ட் வாடகை உங்க தலைல. அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டுப் போகவும் முடியாது, 2019ல இருந்து கனடாவுல படகைக் கைவிடறது சட்டப்படி குத்தம், ஃபைபரை உடைச்சு அப்புறப்படுத்தறதுக்கு உங்க கைக்காசு போகும்.

நாகை_ஃபைபர்

வணக்கம்ணே. நான் கனடா பாத்ததில்ல, இங்க நாகப்பட்டினத்துல ஃபைபர் போட் கட்ற யார்டுல வேல. சுனாமிக்கப்புறம் கரையெல்லாம் ஃபைபர் படகு தான், அடிபட்டு ஓட்டையாகி வர்றத ஒட்டிக் குடுக்குறதே பாதி வேல. அக்கா சொன்னது கரெக்ட், தட்டுற சத்தம் தான் எல்லாத்தயும் சொல்லும், நாங்க அஞ்சு ரூவா காசு வச்சு தட்டுவோம்.

எங்க படகுல டெக்கு கோர் எல்லாம் கிடையாது, ஆனா அடியில மரக்கட்டைய வச்சு மேல மேட்டு (ஃபைபர் விரிப்பு) போட்டு மூடிருப்போம், அது ஊறிப் போச்சுன்னா வேல ஒண்ணு தான்: மேல் தோல கட்டர் போட்டு அறுத்து எடுத்து, ஊறுனத பூரா சுரண்டி எடுத்து, அடித்தோல் எலும்பா காயிற வரைக்கும் விட்டு, புதுசு வச்சு, திரும்ப தோல ஒட்டணும். ஊசி போட்டு உள்ள ரெசின் ஏத்துனா சரியாயிடும்னு சொல்லுவாய்ங்க, நம்பாதீங்க. ஈரத்துல ரெசின் பிடிக்காது, ஈரத்த உள்ள வச்சு பூட்டுன மாதிரி ஆயிடும்.

பழைய ஃபைபர் மேல ஒட்டுறப்ப பாலியஸ்டர் ரெசின் சரியா பிடிக்காதுண்ணே, புதுசா அச்சுல போடறப்ப தான் அது லாயக்கு. பழசுல ஒட்ட எப்பாக்சி தான். அறுத்த எடத்துல விளிம்ப சரிவா தேய்க்கணும், தோல் கனம் எவ்வளவோ அதுக்கு பன்னண்டு மடங்கு நீளத்துக்கு சரிவு வேணும், அப்ப தான் மேட்டு பழசுல ஏறி நிக்கும். விளிம்ப தேய்க்காம முட்டு கொடுத்து ஒட்டுனா அடுத்த வருசமே கோடு விடும்.

ஒரு சந்தேகம், உங்க ஊர்ல வெளில வெயில் எத்தன மாசம்? எப்பாக்சிக்கு பதினஞ்சு டிகிரியாச்சும் வேணும், குளிர்ல ஒட்டுனா பிசுபிசுன்னு கிடக்கும், இறுகவே இறுகாது. கூரைக்குள்ள சூடு போட்டு வச்சு செய்ய எடம் இருக்கா?

ப்ளஃப்ஸ்_காற்று

நாகைத் தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறியள், நான் அதை யோசிக்கவே இல்லை, இஞ்ச மே நடுப்பகுதி தொட்டு செப்டெம்பர் கடைசி வரைக்கும்தான் வெளியிலை ஒட்டு வேலை செய்யலாம், பாயோட்டுற காலமும் அதேதான்! யார்ட் வெளிதான், கூரை இல்லை.

நேற்றுப் போய் வடிவாப் பாத்தன், மீனாக்கா சொன்ன மாதிரி சுத்தியலும் ரேப்பும் கொண்டு போனன், மனுசனும் கதிரை போட்டு கீழை இருந்து ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாய் வீட்டு பேஸ்மென்ற்றிலை மடிச்சு வச்சிருக்கிறார், மெயின் நல்லா இருக்கு, முன் பாய் தையல் விட்டிருக்கு.

டெக்: அணியப் பக்கம் முன் ஹேட்ச்சைச் சுத்தி செத்த சத்தம், ரெண்டு பக்க நடைபாதையிலையும் ஸ்டான்ஷன் நிக்கிற இடமெல்லாம் செத்த சத்தம், பாய்மரம் நிக்கிற இடத்தைச் சுத்தி கைவிரிச்ச அளவு ரெண்டு மடங்கு. கொக்பிட் (இருந்து ஓட்டுற இடம்) மட்டும் நல்லா இருக்கு. ரேப் ஒட்டி முடியப் பாத்தா டெக்கிலை மூண்டிலை ஒண்டு வரும். அவரிட்டைக் கேட்டு ஒரு ஸ்டான்ஷன் போல்டைக் கழட்டினன், ஓட்டைக்குள்ளை கம்பியை விட்டுக் கிளறினா கறுத்த மண்ணிறத்திலை ஈரக் கூழ் தான் வந்தது, சாணி மணம்.

பாய்மரம் இறக்கி பக்கத்திலை கிடக்குது. அது நிக்கிற இடத்திலை கேபின் மேலை ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைக் குறுக்கை வச்சுப் பாத்தன், நடுவிலை சுண்டுவிரல் போற அளவு பள்ளம். உள்ளுக்கை போனா ரொயிலெற் கதவு நல்லாத் திறந்து பூட்டுது, ஆனா கதவின்ர மேல் விளிம்பை ஆரோ சீவியிருக்கினம், பூசின பெயின்ற்றுக்கும் சீவின மரத்துக்கும் நிறம் வேறை. மேலை இருக்கிற மரப் பீமிலை நுனியிலை ஸ்குரூட்ரைவரைக் குத்தினன், ஒரு பக்கம் இறங்கேல்லை, மற்றப் பக்கம் அரை இஞ்சி இறங்குது.

இஞ்சின் அட்டாமிக் 4, பெற்றோல். சுத்தவே சுத்தேல்லை. கடைசி வருசம் தண்ணி வடிச்சவரோ இல்லையோ தெரியாது எண்டு சொல்றார்.

மீனா_போர்ட்கிரெடிட்

அந்தக் கதவு எல்லாத்தையும் சொல்லிடுச்சு. ஆல்பெர்க் 30ல மாஸ்ட் கீல் வரைக்கும் போகாது, கேபின் கூரை மேலதான் நிக்கும், அந்த பாரம் மொத்தமும் கூரைக்கு அடியில குறுக்கா போற பீம் மேல. பழைய போட்ல அந்த பீம் மரத்தை அடுக்கி ஒட்டினது. ரிக்கிங்கை (மாஸ்ட்டைத் தாங்கற கம்பிகளை) இறுக்க இறுக்க மாஸ்ட் கீழ அழுத்தும், பீம் வளையும், கதவு நிலை கீழ இறங்கும், கதவு சிக்கும். அப்போ யாரோ பீமைப் பாக்காம கதவைச் சீவிட்டாங்க. இந்த போட் வெச்சிருக்கறவங்களுக்கு இது பழகின வியாதி, மருந்தும் இருக்கு, பீமோட ரெண்டு பக்கமும் உலோகப் பட்டை வெச்சு போல்ட் போட்டு இறுக்கறாங்க, இல்ல பீமையே மாத்தறாங்க. கிரேட் லேக்ஸ் பக்கம் ஆல்பெர்க்காரங்க சங்கமே இருக்கு, கேட்டா வழி சொல்லுவாங்க. ஆனா பீம் நுனி அழுகியிருந்தா பட்டை மட்டும் போதாது.

இப்ப கணக்கு. டெக்ல மூணுல ஒரு பங்கு கோர் மாத்தணும், வேலையை நீங்களே செஞ்சாலும் எப்பாக்சி, துணி, கோர், மாஸ்க், கிரைண்டிங் டிஸ்க், மேல பெயிண்ட்னு மூவாயிரம் நாலாயிரம். யார்ட்ல ஆள் வெச்சு செஞ்சா உங்க மொத்த பட்ஜெட்டும் அதுலயே முடியும். ஸ்டாண்டிங் ரிக்கிங் எப்ப மாத்தினதுன்னு தெரியலைன்னா மாத்தித்தான் ஆகணும், பல இன்ஷூரன்ஸ்ல கேப்பாங்க, அது ஒரு மூவாயிரத்துக்கு மேல. சர்வே (போட்டைச் சோதிச்ச ரிப்போர்ட்) இல்லாம இன்ஷூரன்ஸ் இல்ல, இன்ஷூரன்ஸ் இல்லாம மெரீனால இடம் இல்ல. என்ஜின் இறுகிப் போச்சு, உள்ள தண்ணி உறைஞ்சிருந்தா ப்ளாக் (என்ஜின் உடம்பு) பக்கவாட்டுல வெடிச்சிருக்கும், டார்ச் அடிச்சு பாருங்க. அட்டாமிக் 4 நல்ல என்ஜின், பல ஆயிரம் பண்ணினாங்க, பார்ட்ஸ் இன்னிக்கும் கிடைக்குது, ஆனா ப்ளாக் வெடிச்சா அவ்ளோதான். புது டீசல் போட்டா இருபதாயிரம் பக்கம் நிக்கும். இதுக்கு நடுவுல வருஷா வருஷம் கோடை டாக்குக்கும் குளிர்கால இடத்துக்கும் நாலாயிரம் தனி.

எல்லாம் முடிச்சு பளபளன்னு நிறுத்தினாலும் அந்த வயசு ஆல்பெர்க் 30 இங்க பத்து பன்னண்டாயிரத்துக்குத்தான் போகுது, ரொம்ப நல்லா இருந்தா பதினஞ்சு. நீங்க போடறதுல பாதிகூட திரும்ப வராது.

கரைவலை_ரவி

இஞ்சினுக்குப் பதிலா பின்னால ஒரு அவுட்போர்டு மோட்டார் மாட்டிக்கிட்டா மலிவா முடியாதா? ஆயிரத்து சொச்சம் டாலர்ல பழசு கிடைக்குமே.

வல்வைக்காரன் (மொன்றியல்)

ரவி, உந்தப் போட்டிலை சரிவராது. பின்பக்கம் தண்ணிக்கு மேலாலை நீட்டிக்கொண்டு நிக்கிற அமைப்பு, 30 அடிப் போட் தண்ணியிலை இருக்கிறது 22 அடிக்கும் குறைய. அலையிலை பின்பக்கம் தூக்கினா அவுட்போர்ட்டின்ர விசிறி காத்திலை சுத்தும், சரியா இஞ்சின் தேவைப்படுற நேரம்தான் அது நடக்கும். ஒன்ராறியோ ஏரியிலை மேல்காத்து எழும்பினா அலை குத்தெண்டு நிக்கும், கிட்டக்கிட்ட அடிக்கும், பிள்ளையளை வச்சுக்கொண்டு துறைமுக வாயிலை அப்பிடி நிக்கேலாது.

மீனா தங்கச்சியின்ர கணக்கு சரி, நான் மறுக்கேல்லை. ஆனாலும் உந்தப் போட் குப்பைக்குப் போறதை என்னாலை ஒத்துக்கொள்ள ஏலாது. கார்ல் ஆல்பெர்க் வரைஞ்ச போட்டுகளிலை இதுதான் அளவு பொருத்தம் எல்லாம் வடிவா அமைஞ்சது, இனி ஒருத்தரும் இப்பிடிக் கட்டப்போறேல்லை, காசுக்கணக்கு பாத்தா உலகத்திலை ஒரு பழைய போட்டும் மிஞ்சாது. தம்பி, ரெண்டு வருசம் ஓடாட்டிப் பரவாயில்லை எண்டு நினைச்சா எடுங்கோ.

ப்ளஃப்ஸ்_காற்று

ராத்திரி மனிசியோடை இருந்து எல்லாத்தையும் எழுதிப் பாத்தம். டெக்கை நானே செய்தாலும் வெளியிலை நிண்டு ரெண்டு கோடை போகும், அந்த ரெண்டு கோடையும் பிள்ளையள் தண்ணியைப் பாக்காதுகள், மூத்தவளுக்கு இப்ப பதினொண்டு, இன்னும் நாலைஞ்சு வருசத்திலை எங்களோடை ஒரு கிழமை ஒரு சின்னப் போட்டுக்குள்ளை வந்து நிக்க அவளுக்கு விருப்பம் இருக்குமோ தெரியாது. அண்ணை, உங்கடை கதை எனக்கு விளங்குது, எனக்கும் அந்தப் போட் குப்பைக்குப் போறது விருப்பமில்லை. ஆனா எனக்கு வேண்டியது ஆயிரம் தீவுக்குப் போறது, டெக்கை அறுக்கிறது இல்லை. அதாலை நான் எடுக்கேல்லை.

மீனாக்கா, 1976 சி அண்ட் சி 27 ஒண்டு ஏழாயிரத்துக்கு நிக்குது, போன வருசம் ஓடினது, இஞ்சின் வேலை செய்யுது, வாற கிழமை பாக்கப் போறன். அதிலை என்ன பாக்கிறது?

மீனா_போர்ட்கிரெடிட்

நல்ல முடிவு. சி அண்ட் சில டெக் பால்சா கோர், அதே சுத்தியல், அதே டேப். கீல் ஆல்பெர்க் மாதிரி உள்ள அடக்கி வெச்சது இல்ல, ஈயத்தை வெளிய போல்ட் போட்டு மாட்டினது, அதனால ஹல்லும் கீலும் சேர்ற கோட்டை முன்பக்கம் உக்காந்து பாருங்க, அங்க வெடிப்பு தெரிஞ்சா, துரு கலர்ல தண்ணி வடிஞ்சா, உள்ள பில்ஜ்ல (போட்டோட அடிப்பள்ளத்துல) போல்ட் தலையைப் பாக்கணும். ரட்டரை (சுக்கானை) ஆட்டிப் பாருங்க, ரட்டர் அடியில தண்ணி கசியுதான்னு பாருங்க. செயின்ப்ளேட் (ரிக்கிங் கம்பி மாட்டற பட்டை) டெக்கைத் துளைச்சு வர்ற இடத்துல கட்டாயம் தட்டிப் பாருங்க. இதெல்லாம் சரியா இருந்தாத்தான் சர்வேயரைக் கூப்பிடணும், முன்னாடியே கூப்பிட்டு காசைக் கரைக்காதீங்க.

ஏஜாக்ஸ்_பொடிஷொப்

நான் இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான், இப்பதான் எழுதிறன். எனக்கு ஏஜாக்ஸிலை கார் பொடி வேலை செய்யிற கராஜ் இருக்கு, பக்கத்து யூனிற்றும் என்ர, பதினாலு அடிக் கதவு, குளிருக்கு ஹீற்றர், தூசி உறிஞ்சிற மெசின், எப்பாக்சி, கிரைண்டர் எல்லாம் நாளாந்தம் பாவிக்கிறது. ஃபைபர் பம்பர், ட்ரக் பொடி எல்லாம் ஒட்டிறனான், நாகைத் தம்பி சொன்ன பன்னிரண்டு மடங்கு சரிவு எங்கடை வேலையிலையும் உள்ளது. பாயோட்டத் தெரியாது, ஆனா விட்பியிலை கட்டின போட் எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை அழுகுது எண்டு வாசிக்க மனசு கேக்கேல்லை. குளிர்காலத்திலை எனக்கு வேலை குறைவு, டெக் முழுக்க அறுத்துப் புதுசு போடுவன், அதிலை எனக்குப் பயமில்லை. பாய்மரப் பீமும் இஞ்சினும்தான் தெரியாத விசயம், அதுக்கு ஆக்கள் சொல்லித் தருவினமோ?

வல்வைக்காரன் (மொன்றியல்)

தம்பி, பீமுக்கு நான் வாறன். மொன்றியலிலை இருந்து அஞ்சரை மணித்தியாலம், வாற மாதம் ரொறன்ரோவிலை ஒரு கலியாணம் இருக்கு, அப்பிடியே வந்து பாக்கிறன். நான் வரும்வரைக்கும் பீமைத் தொடாதேங்கோ, கழட்டமுதல் கூரைக்கு அடியாலை முட்டுக் குடுக்கோணும். இஞ்சினைப் பற்றி இப்ப யோசிக்காதேங்கோ, பிளக் ஓட்டைக்குள்ளாலை எண்ணெய் விட்டு ஊற விடுங்கோ, சில வேளை தானே விடும்.

நாகை_ஃபைபர்

அண்ணே, டெக்க மொத்தமா ஒரே நேரத்துல தெறந்துராதீங்க, போட்டு உருவம் பிசகிடும். ஒரு பக்கம் அறுத்து ஒட்டி இறுகுனப்புறம் மறுபக்கம். எடுத்த மேல் தோல தூக்கி எறியாதீங்க, அது மேல உள்ள சொரசொரப்பு புதுசா வராது, அதையே திரும்ப வச்சு ஒட்டலாம். படம் போடுங்க, நான் பாத்து சொல்றேன்.

ப்ளஃப்ஸ்_காற்று

ஏஜாக்ஸ் அண்ணை, மனுசனோடை இப்பதான் கதைச்சனான், நல்ல சந்தோசம் அவருக்கு. கிரேடிலும் சேர்த்துத் தாறார், பாயும் உங்களுக்குத்தான். ஆனா யார்ட்காரர் வசந்தத்திலை போட்டுகள் இறக்கிற கிரேன் வாறதுக்கு முன்னம் எடுக்கச் சொல்லி அவருக்கு அறிவிச்சிருக்கினம், அதாலை ஹைட்ரோலிக் ரெயிலர் வச்சிருக்கிற ஆளை இப்பவே பதிஞ்சு வையுங்கோ. கிரேடிலோடை சேர்த்து உயரத்தை அளந்துபோட்டு உங்கடை கதவோடை ஒத்துப் பாருங்கோ, முன் ரெயிலிங் கழட்ட வேண்டி வரும். அவரிட்டை லைசென்ஸ் கடுதாசியும் வித்த சீட்டு மாதிரி ஒரு கையெழுத்தும் வாங்கோணும், யார்ட் வாடகை பாக்கி இல்லை எண்டு எழுத்திலை கேளுங்கோ. நம்பரைத் தனி மெசேஜிலை போட்டிருக்கிறன். சனிக்கிழமை காலமை நானும் வாறன், நான் ஒட்டின ரேப் இன்னும் டெக்கிலை இருக்கு, அதைக் கழட்டாதேங்கோ.